சில்லின் மூடியும் தொலைந்த முகவரியும்: மன்னார்க் கரையின் மோட்டார் வரலாற்றிலிருந்து

பழைய மோட்டார் வண்டிகளைத் தேடி வாங்கிப் புதுப்பிப்பவர்களுடன் பேசிப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கும். எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவது அவர்களுக்குப் பெரிய கவலையன்று. அவர்களை ஆண்டுக்கணக்கில் அலையவைப்பவை மிகச் சிறிய பொருள்களே. அவற்றுள் முதலிடம் சில்லின் நடுவில் பொருத்தப்படும் உலோக மூடிக்கு உரியது. தமிழகத்தார் சக்கரம் என்பதை ஈழத்தவராகிய நாங்கள் சில்லு என்போம். அதன் மூடியை ‘வீல் கப்’ என்றே வழங்கினோம். கையளவே உள்ள இந்தத் தகட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கின்றது. மன்னார்த் தீவையும் அதை அடுத்த கரையோரத்தையும் நன்கு அறிந்தவன் என்ற வகையில் அதைப் பதிவுசெய்ய விரும்புகின்றேன்.

இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டின் ஒக்டோபரில், இலண்டன் கண்காட்சியொன்றில் மொறிஸ் மைனர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தச் சிறிய வண்டி 14 அங்குலச் சில்லுகளில் ஓடியது. ஒவ்வொரு சில்லின் நடுவிலும் ‘எம்’ என்ற எழுத்துப் பொறித்த மூடி மின்னியது. ஒஸ்ரின் ஏ-40, அதன்பின் வந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியவையும் கொழும்புத் துறைமுகம் வழியே வந்து வடக்கே பரவின. ஆசிரியர், அப்போதிக்கரி, கடைமுதலாளி, வாடகைக்கு ஓடும் சாரதி என அக்காலத்து நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக இவை விளங்கின.

தலைமன்னார் இந்தியாவுக்கான வாசலாக இருந்தும், வண்டிகள் அவ்வழியே பெருமளவில் வராததற்குக் காரணம் உண்டு. 1914இல் பாம்பன் ரயில் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற்சேவையும் தொடங்கின. ஆனால் இராமேசுவரம் தீவுக்கு வீதிப் பாலம் திறக்கப்பட்டது 1988இல்தான். அதற்கு முன் அக்கரையில் ஒரு காரைக் கடற்கரைக்குக் கொண்டுவருவதற்கே ரயில் தேவைப்பட்டது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களின் போர்ச்சூழலில் அதுவும் நின்றுபோனது. மனிதர் கடந்த கடலை மோட்டார் வண்டிகள் அதிகம் கடக்கவில்லை.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையான ஆட்சிக்காலத்தில் புதிய கார் என்பது பெரும்பாலானோருக்கு எட்டாக்கனி. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னரே யப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. ஆகவே 1950களில் வந்த வண்டி முப்பது ஆண்டுகள் உழைக்கவேண்டியதாயிற்று. பழையதைப் பேணுவது அன்று பொழுதுபோக்கன்று, பிழைப்பின் தேவை. நமது கராஜ் தொழிலாளரின் கைத்திறன் இந்தக் காலத்திலேயே உருவானது.

மன்னாரில் இந்தத் திறனுக்குக் கூடுதலான ஒரு சோதனையும் இருந்தது. ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமான மணற்பாங்கான தீவு அது. சோழகமும் வாடையும் மாறி மாறி வீச, உப்புக்காற்று ஓயாத ஊர். பேசாலையிலும் வங்காலையிலும் மீன் ஏற்றிய வண்டிகளிலிருந்து ஒழுகும் உப்புநீர் சில்லுகளின் மேலேயே வடியும். குரோமிய முலாம் என்பது கண்ணுக்குக் கனமாகத் தோன்றினாலும் உண்மையில் மிக மெல்லிய படலம். உலோகத்தைக் காப்பது அதன் அடியிலுள்ள நிக்கல் படையே. குரோமியத்தின் நுண்துளைகளூடாக உப்பு இறங்கி நிக்கலைத் துளைத்துவிட்டால் உருக்கு உள்ளிருந்து துருப்பிடிக்கும். மேலே ஊசிமுனை அளவு புள்ளி தெரியும்போது உள்ளே தகடு அரித்திருக்கும். மூடியைப் பற்றிப்பிடிக்கும் வில்கவ்விகள் அதற்கு முன்பே உடைந்துவிடும். கிறவல் வீதியில் ஒரு குலுக்கலில் மூடி தெறித்துப் பற்றைக்குள் போய்விடும். நான்கு மூடிகளோடும் ஓடிய பழைய வண்டியை மன்னாரில் காண்பது போருக்கு முன்னரும் அரிதாகவே இருந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. தீவு இராணுவத்திடமும், எதிரேயிருந்த பெருநிலப்பகுதி பெரும்பாலும் விடுதலைப் புலிகளிடமும் இருந்தன. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் ஆகியவற்றைக் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது. அப்போதுதான் இந்த முதிய பிரித்தானிய வண்டிகள் மறுபிறவி எடுத்தன. அவற்றின் எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. சில துளி பெற்றோலை ஊற்றி இயக்கிச் சூடேற்றிவிட்டால், பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளியை மருத்துவமனைக்கும் பிணத்தை இடுகாட்டுக்கும் கொண்டுசென்றவை அவையே.

சில்லுக்கு மாற்றுச் சில்லு எங்கிருந்து வந்தது? இங்கே தொழில்நுட்ப வரலாறு கைகொடுத்தது. ஒஸ்ரினும் மொறிஸும் 1952இல் பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனம் என்ற ஒரே குடையின்கீழ் வந்தவை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-30, ஏ-35, வுல்ஸ்லி 1500 ஆகிய வண்டிகளின் சில்லுகளில் நான்கு ஆணித்துளைகளும் நான்கு அங்குல விட்டமுள்ள வட்டத்திலேயே அமைந்தன. ஆதலால் உருக்குலைந்த ஒரு வண்டியின் சில்லு இன்னொரு வண்டியை ஓடவைத்தது. ஒரே காரில் ஒரு பக்கம் மொறிஸின் சில்லும் மறுபக்கம் வேறு வண்டியின் சில்லுமாக, மூடியே இல்லாமல் ஓடிய காட்சி அக்காலத்தில் எவருக்கும் விநோதமாகப் படவில்லை.

இதே வேளையில் தீவின் தெற்கில் நடந்ததை வாசகர்கள் ஒப்புநோக்கவேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் 1976 முதல் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வேர், ஒரு காரைத் தூக்கியெறியாமல் தலைமுறைகளுக்குப் பேணலாம் என்று வாதிட்டவர். அவருடன் இணைந்து இலங்கைத் தொழில்முனைவரான தனபால சமரசேகர, 1990களின் தொடக்கத்தில் மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே உற்பத்திசெய்து பிரித்தானியாவுக்கு அனுப்பும் தொழிலைத் தொடங்கினார். அது பாராட்டத்தக்க முயற்சி என்பதில் ஐயமில்லை. எனினும் இலங்கையில் செய்த மைனரின் பாகம் கடல்கடந்து இங்கிலாந்துக்குப் போக முடிந்த அதே ஆண்டுகளில், அதே தீவின் வடக்கே ஒரு சில்லு ஆணிகூடச் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியவில்லை. பொருளாதாரத் தடையின் இயல்பை விளக்க எனக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுத் தெரியவில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. தெற்கிலிருந்து வந்தவர்கள் யாழ்ப்பாணத்து வீதிகளில் கேம்பிரிட்ஜும் ஒக்ஸ்போர்ட்டும் வாடகைக் கார்களாக ஓடுவதைக் கண்டு வியந்தனர். அவர்களுள் சேகரிப்பாளரும் வணிகரும் இருந்தனர். பல வண்டிகள் விலைபேசப்பட்டுத் தெற்கே போயின. 2009இல் போர் முடிந்ததும் பழைய இரும்பு வாங்கும் லொறிகள் வன்னியெங்கும் திரிந்தன. 2010இல் மன்னாரின் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாதை சீரானபோது பொருள்கள் வெளியேறுவதும் எளிதாயிற்று. வடக்கின் வேலிகளிலும் கொட்டில்களிலும் கிடந்த சில்லுகளும் மூடிகளும் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள்வரை சென்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே அத்தடை நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளுக்கும் மதிப்பு ஏறியது.

இனி, அசல் மூடியை அறிவது எவ்வாறு? முதலில் எழுத்தின் விளிம்பைப் பார்க்கவேண்டும். பழைய அச்சில் அடித்த எழுத்து கூர்மையாக நிற்கும். நகலில் அது மழுங்கியிருப்பதுண்டு. அடுத்துப் பின்புறம். முன்புறத்தை மெருகேற்றிவிடலாம், ஆனால் அரைநூற்றாண்டின் தூசியும் கவ்விகள் உராய்ந்த தழும்பும் பின்புறத்திலேயே இருக்கும். காந்தம் ஓரளவு உதவும். முலாம் பூசிய உருக்கு காந்தத்தில் ஒட்டும், பித்தளை ஒட்டாது, இன்று நகல் செய்யப் பயன்படும் துருப்பிடிக்காத உருக்கு வகைகளுள் சில ஒட்டா. எனவே எந்த ஆண்டு வண்டிக்கு எந்த உலோகம் என்பதை அறிந்த பின்னரே காந்தத்தை எடுக்கவேண்டும். மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வைத்திருப்போர் அக்கரையையும் நினைவிற் கொள்வது நன்று. அதன் மூன்றாம் வரிசை வண்டியே இந்தியாவில் அம்பாசடராகி 2014 வரை உற்பத்தியானது. சென்னைப் புதுப்பேட்டையில் கிடைப்பது பொருந்தலாம், ஆனால் பொருந்துவது வேறு, அசல் வேறு.

மூடியைத் தேடும் ஆர்வத்தில் சில்லை மறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூடி அழகுக்கு, சில்லு உயிருக்கு. ரயரைக் கழற்றிய பின் சில்லை நல்ல தண்ணீரில் பலமுறை கழுவவேண்டும். குழிகளில் தங்கிய உப்பை நீக்காமல் நிறம் பூசினால் துரு மீண்டும் அதே இடத்தில் கிளம்பும். மணல் வீச்சினாலோ, சலவைச் சோடாக் கரைசலில் பற்றரிச் சார்ஜரின் மின்னோட்டத்தைச் செலுத்தியோ துருவை அகற்றலாம். பின்னதைத் திறந்த வெளியில் செய்யவேண்டும், ஏனெனில் தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளிவரும். பிறகு ஆணித்துளைகளைக் கவனிக்கவேண்டும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, துளைகளுக்கிடையே மயிர்க்கோடாக வெடிப்புத் தெரிந்தாலோ அந்தச் சில்லை ஒட்டிச் சரிசெய்ய முயலவேண்டாம்.

இன்னொன்று. மொறிஸ் மைனரின் நான்கு அங்குலத் துளைவட்டம் 101.6 மில்லிமீற்றர். பல யப்பானியச் சிறு கார்களில் அது 100 மில்லிமீற்றர். வேறுபாடு மிகச் சிறிதாகையால் பலவந்தமாகப் பூட்டிவிடலாம். ஆனால் நட்டுகள் சரியாக அமராமல் ஆணிகள் ஓயாது வளைவிசைக்கு உள்ளாகும். தடைக்காலத்தில் வேறு வழியின்றிச் செய்தவற்றை இன்று வசதிக்காகச் செய்வது மடமை.

இதுவரை சொன்னவை சேகரிப்பாளர் அறிந்தவையே. அவர்கள் கேட்காத ஒரு கேள்வி எஞ்சுகின்றது. இந்த மூடி அசலா என்று கேட்பவர்கள், இது யாருடையது என்று கேட்பதில்லை.

மன்னார்க் கரையைப் பொறுத்தவரை இது வெறும் ஒழுக்க உபதேசமன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியே கற்பிட்டிக்குச் சென்றனர். படகில் ஏற்ற இயலாதவை யாவும் பின்தங்கின. 2008–2009இல் மன்னார்ப் பெருநிலத்துத் தமிழ் மக்கள் போருக்கு முன்னே ஓடி ஓடி முள்ளிவாய்க்கால்வரை சென்றனர். கடைசிவரை இழுத்துச்சென்ற வாகனங்களை அங்கே கைவிட்டனர். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ முற்றங்களில் கார்கள் உரிமையாளர் திரும்பிவருவாரெனக் காத்துக் கிடந்து உக்கிப்போயின. அவற்றின் சில்லுகளும் மூடிகளும் எங்கோ இருக்கின்றன. கடைகளில் தொங்கும் ஒவ்வொன்றும் அவ்வாறு வந்தது என்று நான் சொல்லவரவில்லை. முறையாக விற்கப்பட்டவை நிறையவே உண்டு. ஆனால் பிரித்தறிய வழியில்லாமற் போய்விட்டது என்பதே துயரம்.

ஆகவே என் வேண்டுகோள் மிக எளியது. வடக்கிலிருந்து வந்த ஒரு பழைய காரையோ சில்லையோ வாங்குபவர், எந்த ஊர், எவரிடமிருந்து, எந்த வண்டி என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். பொருந்தாத சில்லைக் கழற்றும் முன் படமெடுத்து வைக்கட்டும். அந்தப் பொருந்தாத சில்லு தடைக்காலத்தின் சான்று. புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் நம்மவரிடமும் கேட்கின்றேன். உங்கள் வீட்டு அல்பத்தில், காரின் முன்னால் குடும்பமாக நின்று எடுத்த படம் ஒன்று இருக்கக்கூடும். அதில் வாகன இலக்கம் தெரிகின்றதா என்று பாருங்கள். 1957இல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வாகன இலக்கங்களில் புகுத்தப்படுமுன் பதிவான வண்டியாயின் ஆங்கில எழுத்துகள் இருக்கும். அந்த இலக்கத்தையும் ஊரையும் எழுதிவையுங்கள்.

துருவை நீக்கும் வேலையில் பழைய நிறம், பழைய கீறல், பழைய முத்திரை எல்லாம் சேர்ந்தே போய்விடுகின்றன. அது தவிர்க்க இயலாதது. அந்த வண்டியை வைத்திருந்தவரின் பெயரும் அவற்றோடு போகவேண்டும் என்பதில்லை.