சுவரில் அடித்த டி.டி.டி.யும் பென்சீன் வளையமும்



பிளஸ் டூ படிக்கும் பேத்தி போன வாரம் கேட்டாள்: "தாத்தா, பென்சீன்ல ஆர்த்தோ, மெட்டா, பாரான்னு மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க. இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமாவோடு நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்தியவன். அவள் புத்தகத்தை வாங்கி நானும் படித்தேன். விடை குரங்கணியில் எங்கள் பழைய வீட்டுச் சுவரிலேயே இருந்தது.

ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் குளிர்காய்ச்சலோடு இறங்கி வந்த கதைகளை அம்மா சொல்வார். நான் சிறுவனாக இருந்தபோது மலேரியாக்காரர்கள் பம்புடன் வந்து வீட்டுக்குள் டி.டி.டி. அடித்து, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள்.

பென்சீன் ஆறு கார்பன்கள் கைகோத்த வளையம். அதில் முதலில் வந்து உட்கார்ந்த தொகுதிதான், அடுத்து வருவதற்கு இடம் காட்டும். பக்கத்து இடம் ஆர்த்தோ, அதற்கடுத்தது மெட்டா, நேர் எதிர் பாரா. இந்த இடங்களைக் கண்டறியும் முறையை 1874இல் கோர்னர் வெளியிட்டார். அதே 1874இல்தான் ஸைட்லர் குளோரோபென்சீனையும் குளோராலையும் சேர்த்து டி.டி.டி.யைத் தயாரித்தார்.

குளோரின் விசித்திரமானது. வளையத்தின் எலக்ட்ரான்களை இழுத்து வினையை மந்தமாக்கும். ஆனாலும் தன்னிடமுள்ள எலக்ட்ரான் இணையைக் கொடுத்து ஆர்த்தோ, பாரா இடங்களுக்கே வழிகாட்டும். வருவது பருமனான தொகுதி என்பதால், நெருக்கடியான ஆர்த்தோவை விட்டுப் பெரும்பாலும் பாராவில் அமரும். ஆலையில் தயாராகும் டி.டி.டி.யில் சுமார் முக்கால் பங்கு இப்படி அமைந்ததே. பூச்சியைக் கொல்வதும் முக்கியமாக அதுதான்.

அந்தக் குணத்தை 1939இல் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. 1947இல் இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று மதிப்பிட்டார்கள். 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1965இல் நோயாளிகள் சுமார் 1 லட்சமாகக் குறைந்தார்கள்.

ஆனால் அதே பாரா குளோரின்தான் வினையும் ஆனது. உயிர்களின் உடல் வளையத்தைச் சிதைக்கத் தொடங்கும் இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. அதனால் டி.டி.டி. மண்ணிலும் கொழுப்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. குளோரின் இடத்தில் மெத்தாக்சி தொகுதி உள்ள மெத்தாக்சிகுளோர் உடலில் சீக்கிரம் சிதைந்துவிடும். 1989இல் நம் நாட்டில் விவசாயத்துக்கு டி.டி.டி. தடை செய்யப்பட்டது.

பேத்தியிடம் சொன்னேன்: "காப்பாத்தினதும் அந்தக் குளோரின், கெடுத்ததும் அந்தக் குளோரின். மனப்பாடம் பண்ணாதேம்மா, புரிஞ்சுக்கோ."

உங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தத் தேதி இருந்ததா? எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்