வெளுத்துப் போன கறுப்பு: கொழும்பு வாகனங்களின் ஒரு சிறு வரலாறு

காலி வீதியில், வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் ஒரு பத்து நிமிசம் நின்று போகிற வாகனங்களைப் பார்த்தால் ஒன்று விளங்கும். கனக்க வாகனங்களின் பெயின்ட் இன்னும் நல்லாத்தான் இருக்கும். ஆனால் பம்பர், பக்கக் கண்ணாடியின் கூடு, கதவோரப் பட்டி எல்லாம் சாம்பல் பூசினது போல வெளுத்திருக்கும். கறுப்பாக வந்தவைதான் அவை. ஒரு வாகனத்தைப் 'பழசு' என்று நாங்கள் முதலில் தீர்மானிப்பது அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்துத்தான். அதற்குப் பின்னால் பாதி வேதியியலும் பாதி இந்த நாட்டின் இறக்குமதிக் கொள்கையும் இருக்கின்றன என்பது எங்கள் வாசிப்பு.

எங்கள் தாத்தாமார் காலத்துக் கார்களில் வெளுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின், ஹில்மன் என்று பிரித்தானியாவில் இருந்து வந்தவற்றின் பம்பர் இரும்பு. அதற்கு மேலே குரோம் பூச்சு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரையான மூடிய பொருளாதாரத்தில் அது இன்னும் இறுகியது. புதுக் கார் வராது என்றால் இருக்கிற காரைச் சாகவிட ஏலாது. நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம், துருப்பிடித்தால் சுரண்டலாம், குரோம் போனால் திரும்பப் பூசலாம். உதிரிப்பாகம் இல்லாவிட்டால் கடைசல் பட்டறையில் கடைந்தே எடுத்தார்கள். கராஜ் பாஸ்மாரின் கைத்திறன் வளர்ந்தது இந்தத் தட்டுப்பாட்டில்தான். 1990களில் பிரித்தானியாவின் பாத் நகரில் இருந்த மொறிஸ் மைனர் நிலையம், பழைய கார்களுக்கான பாகங்களைச் செய்விக்க இலங்கைக்கே வந்தது. காரைச் செய்த நாடு மறந்துபோன வேலையை வாங்கி ஓட்டிய நாடு ஞாபகம் வைத்திருந்தது.

இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1954இல் இத்தாலியில் கியூலியோ நத்தா பொலிபுரோப்பிலீனை உருவாக்கினார். 1963இல் அவருக்கும் ஜேர்மனியின் கார்ல் சீக்லருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1972இல் வந்த ரெனோல்ட் 5 காரில் குரோம் பம்பருக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பம்பர் இருந்தது. அடுத்த வருசம் எண்ணெய் நெருக்கடி. எடை குறைந்தால் எரிபொருள் மிச்சம், அச்சில் வார்த்தால் செலவும் குறைவு, துருவும் பிடிக்காது. கொஞ்சக் காலத்தில் பொலிபுரோப்பிலீன் பம்பர் உலக வழக்கமாகிவிட்டது.

1977இல் இலங்கை சந்தையைத் திறந்துவிட்டபோது இங்கே வந்து இறங்கியது இந்தப் புதிய தலைமுறை. ஜப்பானில் ஓடி முடிந்து 'ரீகண்டிஷன்' என்ற பெயரில் வந்த கார்கள், வான்கள், பிறகு இந்தியாவில் இருந்து மாருதி 800. 'ஸ்ரீ' இலக்கத்தகடு பூட்டிய குரோம் கார்களுக்குப் பக்கத்தில் கறுப்பு பம்பர் என்றால் நவீனம். அப்போது கறுப்பாக இருந்தது இப்போது ஏன் சாம்பல்?

கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகைக்குள் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் உள்ள நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கிறது. காற்றில் உள்ள ஒட்சிசன் அந்த வேலையைத் தொடர்கிறது. உள்ளே கலந்திருக்கும் கரித்தூள் கதிரை உறிஞ்சி இதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. காலப்போக்கில் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் வரும். அவற்றில் ஒளி பட்டுச் சிதறுவதால்தான் எங்களுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. கறுப்பு எங்கேயும் போகவில்லை. வெடிப்புகளுக்குக் கீழே அப்படியே இருக்கிறது.

இது தெரிந்தால் நாங்கள் காணும் வைத்தியங்கள் எல்லாம் விளங்கும். தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ தேய்த்தால் வெடிப்புகள் நிரம்பிக் கறுப்பு திரும்பும். நனைந்த கல் கறுத்துத் தெரிவது போலத்தான். இரண்டு மழையில் போய்விடும், அதுவரை தூசியும் ஒட்டும். கடையில் விற்கும் சிலிக்கோன் திரவமும் அதே வேலையைத்தான் கொஞ்சம் கூடுதல் நாளுக்குச் செய்கிறது. சப்பாத்துப் பொலிஷ் நிறம் தரும், ஆனால் சாய்ந்து நிற்பவரின் சேட்டிலும் ஒட்டும். சூட்டுக்காற்றுத் துப்பாக்கி பிடித்தால் மேற்பரப்பு இளகி வெடிப்புகள் மூடும். பொலிபுரோப்பிலீன் 160 பாகை செல்சியஸ் அளவில் உருகும் என்பதால் கை ஒரு கணம் தாமதித்தாலும் பம்பர் நெளிந்துவிடும். திரும்பத் திரும்பச் செய்யவும் ஏலாது. பெயின்ட் அடிக்கலாம். ஆனால் இந்தப் பிளாஸ்டிக்கில் பெயின்ட் சும்மா ஒட்டாது, அதற்கென்று உள்ள பிரைமர் பூசாவிட்டால் தோல் போல உரிந்து வரும். நன்றாகக் கழுவி, காயவிட்டு, நிறமூட்டி, மேலே புற ஊதாவைத் தடுக்கும் பூச்சு ஒன்று போடுவதுதான் நின்று பிடிக்கும் வழி. நேரமும் காசும் வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாய் விழுந்தது: ஒரு டொலர் ஏறக்குறைய 200இல் இருந்து சில வாரங்களில் 360ஐ எட்டியது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருசத்தில் பலருடைய வாகனம் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் போனது. பஞ்சிகாவத்தையில் பழைய பம்பருக்கும் மதிப்பு வந்தது. உடைந்த பிளாஸ்டிக்கைச் சூட்டுக்கோலால் ஒட்டி, பின்பக்கம் கம்பிவலை வைத்து இறுக்கும் வேலை சாதாரணமாகிவிட்டது. தாத்தாமார் காலத்துப் பாஸ்மாரின் தொழில் புதிய பொருளில் திரும்பி வந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இரும்பு, திருத்துவதற்கு இடம் கொடுக்கும் பொருள். இந்தப் பிளாஸ்டிக் மாற்றுவதற்காகவே வார்க்கப்பட்டது. ஒரு கிளிப் உடைந்தால் முழுப் பாகத்தையும் வாங்கு என்று சொல்வது. மாற்ற வசதி உள்ள நாடுகளுக்காகத் தீட்டிய திட்டம் அது. அதை மாற்ற வசதியில்லாத ஒரு நகரம், மிகக் கடுமையான வெயிலில் வைத்து, இருபது முப்பது வருசம் ஓட்டுகிறது. அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால், கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஹயருக்கு நிற்கிற ஓட்டோக்கார அண்ணாவிடம்தான் வந்து நிற்கும். நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முச்சக்கர வண்டிகள் பதிவாகியிருக்கின்றன. வெளுத்த வண்டியை விட்டுப் பக்கத்து வண்டியில் ஏறும் பயணிக்கு மூலக்கூற்றுச் சங்கிலி பற்றி யாரும் சொல்வதில்லை.

அதேநேரம் இந்த மினுக்கில் பொய்யும் உண்டு. விற்பனைக்கு நிற்கிற காரில் பம்பர் ஈரமாகப் பளபளத்தால் அது அன்று காலை பூசிய எண்ணெயாக இருக்கலாம். பழைய வாகனம் பார்க்கப் போகிறவர்கள் விரலால் ஒருக்கால் தேய்த்துப் பாருங்கள், விரல் வழுக்கினால் விலை பேசமுன் யோசியுங்கள்.

எங்கள் வரலாற்றுப் பாடநூல்களில் 1977 ஒரு அத்தியாயம். 2022 இனி ஒரு அத்தியாயமாகும். அவற்றில் வரவு செலவு அட்டவணைகள் இருக்கும், தலைவர்களின் பெயர்கள் இருக்கும். கராஜ் வாசலில் குந்தியிருந்து ஒரு பம்பரைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்த மனுசனின் ஐந்து வருச வேலையை நாங்கள்தான் எழுதி வைக்க வேண்டியிருக்கும்.