28-ஆகப் பிறந்து 26-ல் நின்றது

கல்வராயன் மலையில் ஒரு பிடி செம்மண்ணை அள்ளினால் உள்ளங்கையில் சிவப்பு அப்பிக்கொள்ளும். அது இரும்பின் நிறம். அதிலுள்ள ஓர் அணுவை மட்டும் பின்தொடர்வோம்.

பிறந்தபோது அது இரும்பே இல்லை. பூமி உருவாவதற்கு முன்பு, ஒரு விண்மீன் வெடித்தபோது 28 புரோட்டான், 28 நியூட்ரான் கொண்ட நிக்கலாகப் பிறந்தது. அந்தக் கூட்டு நிலைக்காது. அத்தகைய அணுக்களில் பாதி, ஆறே நாளில் மாறிவிடும்: ஒரு புரோட்டான் நியூட்ரானாகி, நிக்கல் கோபால்ட் ஆகும். கோபால்ட்டில் பாதி மாற 77 நாள். மறுபடியும் ஒரு புரோட்டான் மாற, 26 புரோட்டான், 30 நியூட்ரான். இரும்பு! தனிம அட்டவணையில் இரண்டு கட்டம் இடப்பக்கம் நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டது.

இந்தப் புரோட்டான் எண்களுக்கும் ஒரு கதை உண்டு. 1869-ல் வேதியியலாளர் மெண்டலீவ் தனிம அட்டவணை வகுத்தபோது அணு நிறையைக் கொண்டே தனிமங்களை அடுக்கினார். ஆனால் நிக்கல், கோபால்ட்டைவிடச் சற்றே நிறை குறைந்தது. நிறையை மட்டும் நம்பினால் வரிசை புரண்டுவிடும். 1913-ல் இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர்களை வைத்துச் சிக்கலை அவிழ்த்தார். கருவில் எத்தனை புரோட்டான் என்பதே தனிமத்தின் எண்.

பூமி திரண்டபோது பெரும்பாலான இரும்பு மையத்துக்கு மூழ்கியது. நம் அணு மேலே தங்கி, கல்வராயனின் சார்னோக்கைட் கருங்கல்லில் சிக்கியது. அங்கே அது 2 எலக்ட்ரான்களை இழந்திருந்தது, மிச்சம் 24. மழையும் காற்றும் பாறையை அரிக்க, மூன்றாவதும் போனது. கருங்கல் செம்மண்ணானது. எலக்ட்ரான் போனால் நிறமும் குணமும் மாறும். கருவின் 26 அசையாது.

கூட இருந்த சில அணுக்கள் கோமுகி ஆற்றோடு இறங்கி, மணிமுத்தாறு, வெள்ளாறு வழியாகப் பரங்கிப்பேட்டைக் கடலுக்குப் போயின. நம் அணு, மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைக்கும் சரிவில் தங்கியது. சாமை புல்லினம். அதன் வேர் ஒரு பொருளைச் சுரந்து இரும்பைக் கவ்வி இழுக்கும். வேரிலிருந்து தண்டுக்கு, தண்டிலிருந்து கதிருக்கு, கதிரிலிருந்து சோற்றுக்கு.

உண்டவரின் ரத்தத்தில் ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறுக்கு நான்கு இரும்பு அணுக்கள். அவையே ஆக்சிஜனைச் சுமக்கின்றன. சிவப்பணு சுமார் 120 நாளில் அழிந்தாலும், இரும்பை உடல் எறிவதில்லை. அடுத்த சிவப்பணுவுக்கு எடுத்துக்கொள்ளும்.

ஆனால் தானியத்திலுள்ள இரும்பைக் குடல் சுலபமாக ஏற்காது. பழைய 24 எலக்ட்ரான் நிலைக்குத் திரும்பினால்தான் அதற்கு வழி திறக்கும். அந்த ஓர் எலக்ட்ரானைக் கொடுக்க வைட்டமின் சி போதும். ஆகவே சாமைச் சோற்றோடு ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளுங்கள்; சாப்பிட்ட கையோடு தேநீர் மட்டும் வேண்டாம், அது இரும்பைக் கட்டிப்போட்டுவிடும்.