பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

1922இல் தஞ்சோங் மாலிமில் தோன்றிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, மலாய்ப் பள்ளிகளுக்கு மலாய் ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே எழுந்தது. வாயில் யாருக்குரியது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. 1997இல் அது பல்கலைக்கழகமாயிற்று. இன்று அங்கே தமிழாசிரியராக விழைவோரும் பயில்கின்றனர்.

1969ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் வந்த இன ஒதுக்கீடு, 2002இல் தகுதி முறைக்கு இடம் தந்தது. புள்ளிக் கணக்கில் இனம் என்னும் கூறு இல்லை. ஆயினும் எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதியவரும் மெட்ரிகுலேசன் முடித்தவரும் ஒரே தகுதிப் பட்டியலில் நிறுத்தப்பட்டனர். மெட்ரிகுலேசன் இடங்களிலோ நூற்றுக்குத் தொண்ணூறு பூமிபுத்ராக்களுக்கு. சூத்திரத்திலிருந்து நீங்கிய இனம் அதற்கு முந்தைய படியில் தங்கிவிட்டது.

பாகுபாட்டைக் களையும் மென்பொருள் வேண்டும் என்போர் பெயரை மறைத்தால் போதும் என்கின்றனர். மொழியியலார்க்கு இது சிரிப்பைத் தரும். நம் பெயர்களின் நடுவே நிற்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ ஆகியன ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்னும் மலாய்த் தொடர்களின் சுருக்கம். மகன், மகள் என்பது பொருள். ஈரெழுத்தும் ஒரு சாய்கோடும் பாலோடு இனத்தையும் பெரும்பாலும் அறிவித்துவிடும். அவற்றை அழித்தாலும் படித்த தமிழ்ப்பள்ளியின் பெயர் எஞ்சும். எவ்வழியே வந்தவர்க்கு எத்துறை கிடைத்தது என ஆண்டுதோறும் எண்ணிக் காட்டும் கருவியே பயன்தரும். அதற்கு வேண்டிய தரவு விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது.