குன்றும் கூரையும்

ஊரில் வரலாறு படிப்பித்த காலத்தில் பிரஷ்யாவைப் படைகளின் கதையாகவே சொல்லிவந்தேன். பேர்லினின் குறொய்ஸ்பேர்க் தீர்ப்பு பற்றி மாணவருக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்தக் குன்றில், நெப்போலியனை வென்ற போர்களுக்கான நினைவுச்சின்னம் 1821இல் திறக்கப்பட்டது. அதன் காட்சி மறையக்கூடாதென்று 1879இல் பொலிஸ் சுற்றிலுமுள்ள வீடுகளின் உயரத்தைக் கட்டுப்படுத்தியது. கட்ட அனுமதி மறுக்கப்பட்ட காணிக்காரர் ஒருவர் வழக்காடினார். 1882 ஜூன் 14இல் பிரஷ்ய உயர் நிர்வாக நீதிமன்றம் அவ்வாணை செல்லாதென்றது. 1794ஆம் ஆண்டுச் சட்டப்படி பொலிசின் வேலை ஒழுங்கைக் காப்பதும் ஆபத்தைத் தடுப்பதும், காட்சியைப் பேணுவதல்ல. (மன்னரின் வெற்றிச்சின்னத்தை ஒரு குடிமகனின் கூரை மறைக்கலாம்! எங்கள் நாட்டில் நினைத்துப் பாருங்கள்.)

1907இல் ஊர்த்தோற்றத்தைக் கெடுப்பதற்கெதிரான சட்டம் வந்து அழகை மீண்டும் உள்ளே கொண்டுவந்தது. ஆனால் உள்ளூர் விதிகளைச் செய்வது நகரசபைகளின் பொறுப்பாயிற்று. வரி கட்டும் அளவுக்கேற்ப வாக்குப்பலம் இருந்த சபைகள்தான். என்றாலும் பொலிஸ் அல்ல.

தனியுடைமையின் வெற்றி என்று இடதுசாரி நண்பர்கள் இதை ஒதுக்கக்கூடும். எனக்கு உறுத்துவது வேறு. ஆபத்து எதுவென்று தீர்மானிப்பது யார்? 1990இலிருந்து வலிகாமம் வடக்கு மக்களுக்குத் தம் வீடுகளைப் பல்லாண்டுகள் மறுத்த சொல் 'அழகு' அல்ல, 'பாதுகாப்பு'. பலாலியைச் சுற்றி அந்த வலயத்தின் எல்லையைக் கீறியதும் படைதான்.