காலுக்கேற்ற உறை: ஸ்காட்லாந்துக் காலுறையின் வரலாறு

மக்கள் உடுத்திய உடைகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் தலைப்பாகையைப் பற்றியும் மேலாடையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவர். காலுறையை ஓரிரு வரிகளில் முடித்துவிடுவர். ஆயினும் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு உடையில் காலுறைக்குத் தனியிடம் உண்டு. மடிப்பு மடிப்பாகத் தைத்த ‘கில்ட்’ என்னும் கம்பளி அரையாடை முழங்காலோடு நின்றுவிடுகிறது. அதன் கீழே காண்போர் கண்ணில் படுவன காலுறையும் காலணியுமே. கால்சட்டைக்குள் மறைந்த காலுறை நழுவினால் அணிந்தவர்க்கு மட்டுமே தெரியும். கில்ட்டின் கீழ் அணிந்த காலுறை நழுவினால் ஊருக்கே தெரியும்.

இக்காலத்தில் இவ்வுடையை அணிவோருள் கெண்டைக்கால் பருத்தவர்கள் ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றனர். கடையில் விற்கும் காலுறை பெரும்பாலும் பாதத்தின் நீளத்தைக் கொண்டே அளவிடப்படுகிறது. பாதம் நடுத்தரமாகவும் கெண்டைக்கால் பெருத்தும் இருப்பவர் தம் காலணி அளவைச் சொல்லி வாங்கினால், உறை பாதத்திற்குப் பொருந்தும். ஆனால் கெண்டைக்காலை இறுக்கும், அல்லது நடக்க நடக்கச் சுருண்டு கணுக்காலில் வந்து விழும். இவ்விடர்ப்பாடு இந்த உடையோடு பிறந்ததன்று. இடையில் வந்து சேர்ந்தது. அது எவ்வாறு வந்தது என்பதை அறிந்தால், அதை நீக்கும் வழியும் புலப்படும்.

துணியை வெட்டித் தைத்த காலம்

16ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி மலைநாட்டு ஆடவர், நீண்ட கம்பளித் துணி ஒன்றை இடுப்பில் கச்சையால் கட்டி, மேற்பகுதியைத் தோளில் போர்த்திக் கொண்டனர். அதன் கீழ்ப்பகுதி மட்டும் தனியாகப் பிரிந்து, இன்று நாம் காணும் சிறு கில்ட் ஆனது 18ஆம் நூற்றாண்டில். பெரிய போர்வையாடையோடு சிலர் வெறுங்காலாக நடந்தனர். சிலர் காலுறை அணிந்தனர். அக்காலுறை பின்னப்பட்டதன்று. டார்ட்டன் எனப்படும் கட்டம் போட்ட நெய்த துணியை வெட்டி, பின்புறம் தையலிட்டுச் செய்தது.

நெய்த துணிக்கு நெகிழ்ச்சி மிகக் குறைவு. பாவு நூல் நேராகவும் ஊடை நூல் குறுக்காகவும் இறுகி நிற்பதால், நேர்வாட்டில் இழுத்தாலும் குறுக்குவாட்டில் இழுத்தாலும் துணி கொடுக்காது. ஆனால் மூலைவாட்டில் இழுத்தால் சற்று நெகிழும், விட்டால் மீளும். இதைத் தையற்கலை அறிந்தோர் எல்லா நாட்டிலும் அறிவர். மலைநாட்டுத் தையற்காரர் துணியை மூலைவாட்டிலேயே வெட்டினர். அதனால் உறை கெண்டைக்காலில் விரிந்தும் கணுக்காலில் ஒடுங்கியும் காலோடு ஒட்டி நின்றது. அவ்வாறு வெட்டும்போது துணியிலுள்ள சதுரக் கட்டங்கள் சாய்ந்து சாய்சதுரங்களாகத் தோன்றும். ‘ஆர்கைல்’ என்ற பெயரில் இன்று உலகெங்கும் காலுறைகளிலும் கம்பளிச் சட்டைகளிலும் காணப்படும் சாய்சதுரக் கோலம் இதன் நினைவேயாகும். பிற்காலத்தில் பின்னியவர்கள், வெட்டித் தைத்த துணியின் தோற்றத்தை ஊசியால் மீண்டும் உண்டாக்கினர்.

இவ்வுறையை நிறுத்தி வைத்தது முழங்காலுக்குக் கீழே சுற்றிக் கட்டிய நெய்த நாடா. கெண்டைக்காலின் பருமனுக்கு மேலே, முழங்கால் மூட்டுக்குக் கீழே, கால் சற்று ஒடுங்கும் இடத்தில் நாடா நிற்கும். கீழே நழுவவொட்டாமல் கெண்டைச் சதையே அதைத் தாங்கும். இன்று மடிப்பின் கீழ்த் தொங்கும் வண்ணத் துணித்துண்டுகள் அந்நாடாவின் முனைகள் எஞ்சி நிற்பவையாம்.

இம்முறையில் ஒரு பெரு நன்மை இருந்தது. ஒவ்வோர் உறையும் ஒருவர் காலுக்கென்றே வெட்டப்பட்டது. பருத்த காலுக்குச் சற்றுக் கூடுதலான துணி செலவாகும், அவ்வளவே. பெரிய கெண்டைக்கால் என்பது ஒரு குறையாக யாருக்கும் தோன்றியதில்லை.

ஊசியும் பொறியும்

இதே காலத்தில் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், அபர்டீன் வட்டாரத்தில், காலுறை பின்னுவது பெரிய கைத்தொழிலாக வளர்ந்திருந்தது. 1769ஆம் ஆண்டு அங்குச் சென்ற தாமஸ் பென்னண்ட் என்ற பயண நூலாசிரியர் அதன் கணக்கைக் குறித்து வைத்திருக்கிறார். ஓராண்டில் அங்குப் பின்னப்பட்டவை 69,333 டஜன் இணைகள். ஒரு டஜன் சராசரியாக 30 ஷில்லிங் விலை பெற்றது. அதில் நூற்றவர்க்கு 4 ஷில்லிங்கும் பின்னியவர்க்கு 14 ஷில்லிங்கும் சென்றன. விலையில் ஐந்தில் மூன்று பங்கு நாட்டுப்புறக் குடும்பங்களின் கைக்கு வந்தது என்பதும், ஓர் இணையைப் பின்னிய கைக்குக் கிடைத்தது ஒரு ஷில்லிங்குக்குச் சற்று மேல் என்பதும் இக்கணக்கால் விளங்கும். பின்னியோருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

பின்னலின் இயல்பு நெசவின் இயல்புக்கு வேறானது. ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துச் செல்வதால் எப்பக்கம் இழுத்தாலும் கொடுக்கும். மேலும், கையால் பின்னுபவர் கெண்டைக்கால் வரும் இடத்தில் கண்ணிகளைக் கூட்டலாம். கணுக்காலை நெருங்கும்போது இரண்டிரண்டாகச் சேர்த்துக் குறைக்கலாம். காலின் வடிவமே உறையின் வடிவமாகிவிடும்.

பின்னும் பொறியும் பழமையானதே. இங்கிலாந்தில் நாட்டிங்காம் வட்டாரத்தைச் சேர்ந்த வில்லியம் லீ 1589இல் அதைக் கண்டுபிடித்தார். எலிசபெத் அரசியாரிடம் உரிமைப் பட்டயம் கிடைக்காமையால் அவர் பிரான்ஸ் நாட்டுக்குச் சென்றார். 1758, 1759ஆம் ஆண்டுகளில் ஜெடிடையா ஸ்ட்ரட் என்பவர் அப்பொறியில் ஒரு பகுதியைச் சேர்த்து, மேடும் பள்ளமுமான வரிப்பின்னலைப் பொறியாலேயே பின்னும் உரிமைப் பட்டயங்களைப் பெற்றார். வரிப்பின்னல் மற்றப் பின்னலினும் மிகுதியாக விரியும், விட்டவுடன் சுருங்கும். பருத்த காலினர் இவரை நன்றியோடு நினைத்தல் தகும். 1771இல் ஜான் ஹார்டி என்பவர் தென் ஸ்காட்லாந்தின் ஹாவிக் நகரில் நான்கு பொறிகளை நிறுவினார். அந்நகரம் பின்னர்ப் பின்னலாடைக்குப் பெயர்பெற்றதாயிற்று.

தடையும் படையும்

இதற்கிடையில் மலைநாட்டு உடைக்கே பேரிடர் ஒன்று நேர்ந்தது. 1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் போர்க்களத்தில் ஸ்டூவர்ட் மரபினரின் பக்கம் நின்ற படை தோற்றது. அரசு மலைநாட்டாரின் படைக்கலங்களைப் பறித்ததோடு நில்லாமல், 1747 ஆகஸ்டு 1 முதல் ஆடவரும் சிறுவரும் மலைநாட்டு உடை அணிவதையும் தடை செய்தது. முதல் முறை அகப்பட்டால் ஆறு மாதச் சிறை; மறுமுறை அகப்பட்டால் ஏழாண்டு கடல்கடத்தல். இச்சட்டம் 1782இல்தான் நீக்கப்பட்டது.

தடையிலிருந்து விலக்குப் பெற்றவர் அரசின் படைவீரர் மட்டுமே. வீட்டில் உடுத்தினால் சிறை. படையில் சேர்ந்தால் அரசே உடுத்தக் கொடுக்கும். 35 ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம். அக்காலத்தில் தந்தையிடமிருந்து மகன் உடுத்தக் கற்கும் வழக்கம் அறுந்தது. படைக் கிடங்கு அவ்விடத்தைப் பிடித்தது. சிவப்பும் வெள்ளையுமான கட்டங்களைக் கொண்ட காலுறை படைவீரரின் அடையாளமாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் வெட்டித் தைத்த உறையின் இடத்தைப் பின்னிய உறை படிப்படியாகப் பிடித்தது. பாதம் தேய்ந்து கிழிந்தாலும் மேற்பகுதி கெடாமல் இருப்பதைக் கண்டு, பாதமில்லாத மேலுறைகளும் வழக்கில் வந்தன. வீரர் அவற்றைச் சாதாரணக் காலுறையின்மேல் அணிந்தனர்.

இப்படையினரை மலாயாவும் சிங்கப்பூரும் அறியும். 1942 ஜனவரி 31 அன்று ஜொகூர்ப் பாலத்தைக் கடைசியாகக் கடந்தோருள் ஆர்கைல் படையினரும் இருந்தனர். பைக்குழல் இசைத்தே அவர்கள் கடந்தனர். அப்போது கில்ட் போர்க்கள உடையாக இருக்கவில்லை. ஆயினும் குழலும் பெயரும் எஞ்சியிருந்தன.

பருத்த கால் பெருமையாக இருந்த காலம்

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மேன்மக்கள் முழங்கால் வரையிலான கால்சட்டையும் காலுறையும் அணிந்தனர். அக்காலத்தில் திரண்ட கெண்டைக்கால் ஆணழகின் இலக்கணம். மெலிந்த காலினர் உறைக்குள் திண்டு வைத்துக் கட்டிக்கொண்டனர். ஜான் வான்பிரூ 1696இல் அரங்கேற்றிய ‘தி ரிலாப்ஸ்’ என்ற நாடகத்திலேயே இதற்குச் சான்று உண்டு. பகட்டான பிரபு ஒருவர், தம் காலுறையின் கெண்டைப் பகுதி மிகத் தடித்துவிட்டதால் தம் கால் பல்லக்குத் தூக்குவோரின் கால்போல் தோன்றுகிறது என்று கடைக்காரரிடம் குறைகூறுகிறார். நகைச்சுவைக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. உண்மையாகவே பெரிய கெண்டைக்கால் சுமை தூக்கியவனுக்கும் மலையேறியவனுக்கும் உரியது. அதைப் பிரபு திண்டு வைத்துக் கடன் வாங்கினார்.

1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பை ஒழுங்கு செய்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். மிகப் பருத்த உடலினரான மன்னர் கில்ட் அணிந்து தோன்றியபோது, வெறுங்கால் தெரியாதிருக்க, தோல் நிறத்தை ஒத்த இளஞ்சிவப்பு இறுக்குடை ஒன்றையும் உள்ளே அணிந்திருந்தார். அது பலர் நகைக்க இடமாயிற்று. பின்னர் டேவிட் வில்கி தீட்டிய படத்தில் அவ்விறுக்குடை இல்லை. ஓவியர் மன்னரின் காலைத் திருத்திவிட்டார். காலுறை செய்வோர்க்கு அவ்வசதி இல்லை.

அளவு பிறந்த கதை

1816இல் மார்க் புருனல் வட்டப் பின்னற் பொறிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். பின்னர் அவ்வகைப் பொறிகள் பெருகின. வட்டப் பொறி பின்னுவது ஒரே பருமனுள்ள குழாய். அதைக் கால் வடிவான பலகையில் மாட்டி, ஆவி காட்டி வடிவம் கொடுப்பர். அவ்வடிவம் பலகையின் வடிவமேயன்றிக் கண்ணிகளின் வடிவமன்று. சில முறை துவைத்தால் தளர்ந்துவிடும். 1864இல் வில்லியம் காட்டன் உரிமைப் பட்டயம் பெற்ற தட்டைப் பொறி, கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் பின்ன வல்லது. ஆனால் அதுவும் முன்னரே வகுத்த அளவுக்கே பின்னும்.

பொறி விலையைக் குறைத்தது. ஏழையும் நல்ல காலுறை அணிய வழி செய்தது. இந்நன்மையை மறுத்தல் கூடாது. ஆனால் ஆயிரம் இணைகளை ஒருங்கே பின்னுவோர் ஆயிரம் கால்களை அளந்து பார்ப்பதில்லை. சிறியது, நடுத்தரம், பெரியது என்ற மூன்று சொற்களுக்குள் எல்லாக் கால்களும் அடங்கவேண்டியதாயிற்று. அடங்காத காலுக்குரியவர் தம் காலையே நொந்துகொண்டார். கெண்டைக்கால் குறையாகத் தோன்றியது அப்பொழுதுதான்.

தேர்ந்து வாங்கும் முறை

மேற்கூறிய வரலாற்றிலிருந்தே தேர்ந்து வாங்கும் முறையும் கிடைக்கிறது. முதலாவது, பாதத்தை மட்டும் அளப்பது போதாது. கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம், முழங்காலுக்குக் கீழே ஒடுங்கும் இடம், கணுக்கால் ஆகிய மூன்றின் சுற்றளவையும், தரையிலிருந்து முழங்காலின் கீழ் வரையுள்ள உயரத்தையும் அளத்தல் வேண்டும். நாளெல்லாம் நின்றால் கால் சற்று வீங்கும். ஆதலின் மாலையில் அளப்பது நன்று.

இரண்டாவது, அகலத்தில் விரியும் பின்னல் நீளத்தில் குறுகும். பருத்த காலில் ஏறிய உறை, கையில் பிடித்துப் பார்த்ததைவிடக் குட்டையாகிவிடுவது இதனாலேயே. எனவே உயரத்திற்கு வேண்டியதினும் நீளமானதைத் தேர்தல் வேண்டும். அதன் மேல்மடிப்பு முழங்கால் மூட்டுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே நிற்பது வழக்கம்.

மூன்றாவது, பின்னலைப் பார்த்தல் வேண்டும். வரிப்பின்னல் நன்கு விரிந்து மீளும். கயிறு முறுக்கியதுபோன்ற புடைப்புக் கோலங்கள் குறைவாகவே விரியும். இரண்டு நிறங்களை மாற்றி மாற்றிப் பின்னும்போது, பயன்படாத நூல் உட்புறம் நீண்டு கிடக்கும் வகையும் விரிவது அரிது. கம்பளியோடு சிறிதளவு நைலானும், 1958இல் கண்டறியப்பட்ட மீள்நூலும் கலந்தவை உழைக்கவும் செய்யும், மீளவும் செய்யும். வெந்நீரில் துவைத்தால் கம்பளி சுருங்கித் திரண்டுவிடும். பெரிய காலினர்க்கு அந்நட்டம் இரட்டிப்பாகும்.

நான்காவது, நழுவும் உறையை நாடாவை இறுக்கி நிறுத்த முயலல் ஆகாது. தோலில் ஆழ்ந்த தடம் பதியுமாயின் நாடா மிக இறுகியுள்ளது என்க. இரத்த ஓட்டத்திற்கும் அது நன்றன்று. உறை சிறிதாயிருப்பதாலேயே அது ஒடுங்கிய கணுக்காலை நோக்கி இழுக்கப்பட்டு நழுவுகிறது. பெரிய உறையை வாங்கினால் மெல்லிய நாடாவே அதைத் தாங்கும்.

இவற்றாலும் பொருந்தாத காலுக்கு, அளவெடுத்துப் பின்னித் தருவோர் ஸ்காட்லாந்தில் இன்றும் உள்ளனர். விலை மிகுதிதான். ஆனால் அவர்கள் அளவுநாடாவைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்பது காலணியின் எண்ணை அன்று, கெண்டைக்காலின் சுற்றளவையே. பழைய மலைநாட்டுத் தையற்காரரும், அபர்டீனின் பின்னற்பெண்களும் செய்த வேலை அதுவே.