இயங்குநிலை வட்டு: வரலாறும் நிறை குறைகளும்

இயங்குநிலை வட்டு அல்லது டைனமிக் டிஸ்க் என்பது விண்டோசு இயங்குதளத்தில் வன்தட்டுகளின் இடத்தைப் பங்கிட்டு மேலாளும் ஒரு முறையாகும். 2000 பிப்ரவரியில் வெளியான விண்டோசு 2000 பதிப்பில் இது அறிமுகமானது.

பின்னணி

பழைய அடிப்படை வட்டு முறையில் ஒரு வன்தட்டில் நான்கு முதன்மைப் பிரிவுகளே அமைக்க முடியும். எந்தப் பிரிவும் தன் தட்டைத் தாண்டி விரியாது. விண்டோசு என்டி 4.0 பல தட்டுகளை இணைக்க வழி தந்தது. ஆனால் எந்தத் தட்டு எதனுடன் இணைந்துள்ளது என்ற குறிப்பு இயங்குதளத்தின் ரெஜிஸ்ட்ரியில் இருந்தது. இயங்குதளத்தை மீண்டும் நிறுவ நேர்ந்தால் அக்குறிப்பு அழிந்து, தரவு தட்டிலேயே இருந்தும் எடுக்க முடியாமல் போகலாம்.

மைக்ரோசாப்டும் வெரிடாசு நிறுவனமும் இணைந்து உருவாக்கிய புதிய முறை, இக்குறிப்பைத் தட்டுகளின் இறுதியிலுள்ள 1 மெகாபைட் இடத்தில் எழுதியது. ஒரு கணினியின் இயங்குநிலை வட்டுகள் ஒவ்வொன்றிலும் இதன் நகல் இருக்கும்.

நிறைகள்

பல தட்டுகளின் இடத்தை ஒரே தொகுதியாகச் சேர்க்கலாம். தரவைப் பகிர்ந்தெழுதி வேகத்தைக் கூட்டலாம். இரு தட்டுகளில் ஒரே தரவை எழுதும் கண்ணாடி நகலையும், குறைந்தது மூன்று தட்டுகள் தேவைப்படும் ரெய்டு-5 அமைப்பையும் தனி வன்பொருள் இன்றியே உருவாக்கலாம்.

குறைகள்

கண்ணாடி நகலும் ரெய்டு-5 அமைப்பும் தொடக்கத்தில் வழங்கிக் கணினிகளுக்கான பதிப்புகளில் மட்டுமே கிடைத்தன. விண்டோசு எக்சுபி ஓம் பதிப்பில் இயங்குநிலை வட்டு வசதியே இல்லை. விண்டோசு வழியாக அடிப்படை வட்டுக்குத் திரும்ப வேண்டுமானால் தொகுதிகள் அனைத்தையும் நீக்க வேண்டும். நகல் இல்லாத இணைப்புத் தொகுதியில் ஒரு தட்டு பழுதானால் முழுத் தொகுதியும் செயலிழக்கும்.

2012-இல் விண்டோசு 8 பதிப்புடன் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்ற மாற்று முறை வந்தது. பின்னர் இயங்குநிலை வட்டைக் கைவிடப்படும் வசதியாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. இயங்குதளம் உள்ள தட்டைக் கண்ணாடி நகல் எடுப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு.

கடலோரப் பயன்பாடு

இராமநாதபுரம், இராமேசுவரம் கடலோரத்தில் இம்முறையின் எல்லை தெளிவாகப் புலப்படும். உப்புக்காற்று உலோகத்தையும் மின்னணுப் பாகங்களையும் அரிக்கும். ஒரு தட்டு மட்டும் பழுதானால் கண்ணாடி நகல் காப்பாற்றும். ஆனால் இரு தட்டுகளும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், அரிப்பும் வெள்ளமும் இரண்டையும் ஒருசேரத் தாக்கக்கூடும். 1964 டிசம்பர் 22, 23 நாட்களில் வீசிய புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது. அத்தகைய பேரிடரில் ஒரே அறையில் உள்ள எத்தனை நகல்களும் பயன்படா. தவறுதலாக அழிக்கப்படும் கோப்பும் இரு தட்டுகளிலும் ஒரே நேரத்தில் அழியும். எனவே நிலப்பதிவு, படகுப்பதிவு போன்ற ஆவணங்களைக் கணினியில் காக்கும் அலுவலகம் எந்த வட்டு முறையைக் கையாண்டாலும், மதுரை போன்ற உள்நாட்டு ஊரில் தனி நகல் ஒன்றை வைத்திருப்பதே பாதுகாப்பானது.